கைமாத்து டிராயர்

பழையது இரண்டையும் உருவி லாரியில் ஏற்றிவிட்டால் போதுமாம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். எதைப் பார்த்துக்கொள்வார், இதுவரை எதைத்தான் பார்த்திருக்கிறார் அந்த மனிதர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சங்கரவடிவு, ஆலையின் மோட்டார்களுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எம்.சி.சி. அறைக்குள் நின்றாள். மேனேஜர் கருணாகரன் காலையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, அதுவும் தனக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில் வரவழைத்து, இந்த அறையின் சாவியை மேசைமேல் மெதுவாக நகர்த்தியபோதே இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தூத்துக்குடிக் கடலோரத்தில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ரசாயனம் எடுக்கும் இந்த ஆலைக்கு அவள் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராக வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஒரு நாளும் அவர் அவளுக்கு டீ வாங்கித் தந்ததில்லை. பம்புகளுக்கான புது சுவிட்ச் டிராயர்கள் நேற்றே வந்துவிட்டனவாம். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அவர் வருவதற்குள் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிட வேண்டுமாம். எத்தனை தடவை கேட்டாள் இதே டிராயர்களை. கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். அப்போதெல்லாம் பட்ஜெட் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம், ஓடுகிறதுதானே மேடம் என்றவர்கள், எலெக்ட்ரீஷியன் இசக்கியப்பனின் வலது கை போன பிறகு எப்படி ஓடோடி வாங்கியிருக்கிறார்கள் பார். டிராலிமேல் பாலிதீன் உறை பிரிக்காமல் இரண்டும் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. கல்யாண மண்டபத்துச் சீர்வரிசைதான், ஒரு தாம்பூலத் தட்டு வைக்காத குறை.

அறைக்குள் ஏ.சி. ஓடினாலும் கைக்கவசத்துக்குள் விரல்கள் வியர்த்துக் குழைந்தன. சுவர் நீளத்துக்குச் சாம்பல் நிற இரும்பு பீரோக்கள், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக டிராயர்கள், ஒவ்வொரு டிராயரும் வெளியே எங்கோ இருக்கும் ஒரு மோட்டாரின் குடுமி. இழுத்தால் அந்த மோட்டார் செத்தது, தள்ளினால் உயிர் வந்தது, அவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் இதில் ரகசியமும் இல்லை சாஸ்திரமும் இல்லை. பீரோவின் முதுகில் மேலிருந்து கீழாக ஓடும் செம்புப் பட்டைகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும், டிராயரைத் தள்ளும்போது அதன் பின்னால் இருக்கும் கவ்விகள் போய் அந்தப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். உப்புக் காற்று எங்கிருந்துதான் நுழையுமோ, செம்பெல்லாம் களிம்பு பிடித்துப் பச்சை பூத்துக் கிடக்கும். அவள் முன்னால் நிற்கும் இந்த பீரோவில் இரண்டே டிராயர்கள்தான் இன்றைக்குக் கணக்கு. மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று. மேல் தட்டின் கம்பி ஏ பம்புக்குப் போகிறது, கீழ்த் தட்டின் கம்பி பி பம்புக்குப் போகிறது. உப்புத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் இரட்டைப் பம்புகள், ஒன்று ஓடினால் மற்றது காத்திருக்கும். கம்பி தட்டோடு இருக்கிறது, அது நகராது. ஆனால் பெயர், அந்தப் பாழாய்ப்போன பெயர், டிராயரின் முகத்தில் இரண்டு திருகு போட்டு முறுக்கியிருக்கிறது, டிராயர் எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். அம்மா வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது, கழுத்தில் சித்தி பெயர் வெட்டியது, எந்த விசேஷத்தில் மாறி வந்ததோ, இருபது வருஷம் அந்த வீட்டுத் தண்ணீரைத்தான் சுமந்தது, ஆனாலும் அது சித்தி குடம்தான், யார் எடுத்தாலும் சித்தி குடத்தை எடு என்றுதான் சொல்வார்கள், அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை, குடம்தானே. இங்கே இப்போது மேல் தட்டில் உட்கார்ந்திருக்கும் டிராயரின் முகத்தில் ‘பம்ப் பி’ என்று இருக்கிறது. கீழ்த் தட்டில் ‘பம்ப் ஏ’. கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, குழந்தை கூட வாசித்துவிடும், வாசித்துத்தான் இசக்கியப்பன் கையைக் கொடுத்தான்.

கைமாத்து என்று இந்த ஆலையில் அதற்குப் பெயர். ஏதாவது ஒரு டிராயர் பொசுங்கிவிட்டால் சும்மா காத்திருக்கும் பம்பின் டிராயரை உருவி அதன் இடத்தில் செருகிவிடுவது. எவன் வைத்த பெயரோ, சிரித்துக்கொண்டே சொல்வார்கள், மேடம் சின்னதா ஒரு கைமாத்து வாங்கிக்கிட்டோம், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துருவோம் என்று. கைமாத்து வாங்கியவன் என்றைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். ஐப்பசி மழையில் ஏ பம்பின் டிராயர் புகைந்தபோது அவள் மதுரையில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். இங்கே பி பம்பின் டிராயரை உருவி மேல் தட்டில் செருகி ஓட்டியிருக்கிறார்கள், பிறகு புகைந்ததைச் சரிசெய்து காலியாகக் கிடந்த கீழ்த் தட்டில் தள்ளியிருக்கிறார்கள், பெயர்ப் பலகையைத் திருகிக் கழற்றி மாற்ற ஒரு நாய்க்கும் நேரமில்லை. கருணாகரனே பக்கத்தில் நின்றாராம். நேம் பிளேட்டை அப்புறம் மாத்திக்கலாம், முதல்ல தண்ணி ஏறட்டும் என்றாராம். இதைச் சொன்னவர் அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர், சொல்லிவிட்டு உடனே, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க மேடம், பிள்ளைகுட்டிக்காரன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். இசக்கியப்பன் மட்டும் என்ன சாமியாரா. இரண்டு திருகு, நான்கு திருகு, ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டீ குடிக்கிற நேரம், அதற்கு வக்கில்லாமல் போய்விட்டது இத்தனை பெரிய ஆலைக்கு. அவள் திரும்பி வந்தபோது ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பம்ப் ஓடுகிறது, தொட்டி நிறைகிறது, சொல்வதற்கு என்ன இருக்கிறது. அதன் முன்னால் அவள் எத்தனை தடவை நடந்துபோயிருப்பாள், ஏ கீழே இருக்கிறதே என்று ஒரு தடவை கூட உறைக்கவில்லை, மற்ற பீரோக்களில் எது மேலே எது கீழே என்று ஓர் ஒழுங்கு இருந்தால்தானே உறைப்பதற்கு.

இசக்கியப்பன் செய்ததில் ஒரு குற்றம் சொல்லட்டும், ஒன்றே ஒன்று. பி பம்பின் மோட்டாருக்குப் பின்புறம் குளிர்விக்கிற விசிறி உடைந்து கடகடத்தது, அதை மாற்றப் போனான். போகுமுன் இங்கே வந்தான். தொட்டி நிறைந்திருந்ததால் இரண்டு பம்புமே நின்றிருந்தன. ‘பம்ப் பி’ என்று போட்டிருந்த டிராயரை இழுத்தான், ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்ற அட்டையில் தன் பெயரை எழுதி அதில் தொங்கவிட்டான். மோட்டாரிடம் போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தான். ஓடவில்லை. எப்படி ஓடும், பம்ப் ஆட்டோவில் இருந்தது, ஆட்டோவில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் பட்டன் செத்த பட்டன், தொட்டியின் மட்டம் சொன்னால்தான் அது கேட்கும். மூடியைக் கழற்றினான். கையை உள்ளே விட்டான். அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் தண்ணீர் இறங்கியது, ஏ பம்பைக் கூப்பிட்டது, ஏ பம்புக்கு மின்சாரம் இல்லை, இவன்தான் தெரியாமல் அதை இழுத்துப் போட்டிருக்கிறானே, ஏ வரவில்லையென்றால் பி வரவேண்டும், பி வந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கலாம்ல என்று முதல் நாள் ராத்திரி முழுக்க அவள் அவனையும்தான் திட்டினாள், மோட்டாரின் கம்பி முனையில் ஒரு டெஸ்டரை வைத்திருந்தால் என்ன, கைக்கு வலிக்குமா என்று. கைக்கு வலிக்குமா என்று நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். விசிறி மாற்றுகிறவன் எவன் கம்பி முனையைத் திறப்பான், யாரும் திறப்பதில்லை, அவளே திறந்திருக்க மாட்டாள். அவள் ஓடிவந்து இந்த அறையில் பார்த்தபோது மேல் தட்டு டிராயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் முகத்தில் ‘பம்ப் பி’, அதில் அவன் கையெழுத்தோடு அட்டை. ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற கருணாகரனுக்கும் புரிந்தது, அவர் கண் மேலே போய்க் கீழே வந்ததை அவள் பார்த்தாள். நீங்க ஆம்புலன்ஸோட போங்க மேடம், லேடீஸ் கூட இருந்தா அவன் சம்சாரத்துக்கு ஆறுதலா இருக்கும் என்றார். போனாள். மடச்சி, போனாள். திரும்பி வந்தபோது டிராயர் உள்ளே தள்ளியிருந்தது, அட்டையைக் காணவில்லை, அறைக்குப் பூட்டு. மேல் தட்டுதானே ஏ பம்ப், பி-யை நிறுத்த வேண்டியவன் ஏ-யை நிறுத்தியிருக்கிறான், அஜாக்கிரதை என்று மறுநாளே எழுதி மேலே அனுப்பியாயிற்று. பொய் என்று அதில் ஒரு வரியைக் காட்ட முடியாது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். பொய் சொன்னாலாவது சட்டையைப் பிடிக்கலாம்.

செல்ஃபோன் கையில் இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு ஒரு படம் எடுத்துவிடலாம். தீப்பற்றக்கூடிய ஆலை என்று கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காலையில் கருணாகரன் அதையும் மறக்காமல் விசாரித்தார், ஃபோனை கேட்ல கொடுத்தாச்சுல்ல மேடம், ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று. ரூல்ஸாம். ஆஸ்பத்திரியில் இசக்கியப்பன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தான். முதல் இரண்டு தடவை போனபோது, பேரைப் பாத்துத்தான் இழுத்தேன் மேடம், பி-ன்னுதான் போட்டிருந்துச்சு என்று அடித்துப் பேசினான். இவள் பெயர்ப் பலகை மாறிக் கிடந்ததைச் சொன்னாள், அவன் ஒரு பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். அதற்குள் யூனியன்காரர் வந்து போய்விட்டார், ஹெச்.ஆர். ஆள் வந்து போய்விட்டார், எல்லாரும் ஒரே பாட்டுத்தான், எப்படிப்பா நீ போய் ஏ-யை இழுத்தே, உனக்குத் தெரியாததா என்று. முந்தாநாள் போனபோது அவன் பேச்சு மாறியிருந்தது. குரல் இறங்கிப்போய்க் கேட்டான்.

“மேடம், எனக்குத்தான் கண்ணு தப்பிருச்சோ? ஏ-ன்னு இருந்ததை பி-ன்னு வாசிச்சுட்டேனோ?”

“இல்ல இசக்கி. நான் பாத்தேன். பி-ன்னுதான் இருந்துச்சு.”

“நீங்க என் மனசு ஆறதுக்காகச் சொல்லுதீங்க.”

அவன் மனைவி செல்வக்கனி தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே, வீட்டுலயும் இப்படித்தான் மேடம், ஒண்ணு எடுக்கச் சொன்னா ஒண்ணை எடுப்பாக, எங்கயோ நெனப்பு என்றாள். கோபத்தில்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள், நம்பிச் சொன்னாள், அதைத்தான் சங்கரவடிவால் தாங்க முடியவில்லை. அவன் அதற்கும் தலையை ஆட்டினான். ஒரு கையைப் பறித்துக்கொண்டது போதாது என்று இப்போது அவன் கண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள், அவன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான் என்று அவனையே ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று. இனி வாழ்நாள் முழுக்க இடது கையால் சோறு பிசையும் ஒவ்வொரு வேளையும் அவன் தன்னைத்தான் திட்டிக்கொள்வான். வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், ஆனால் தன் கண்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை யார் திருப்பிக் கொடுப்பது. அவள் சொன்னால் அவன் நம்பமாட்டான். கம்பெனியோ சர்க்காரோ சொன்னால் நம்புவான், பெரிய இடத்தில் இருந்து வந்தால்தான் நம் ஆட்களுக்குத் தங்கள் கண்ணையே நம்பத் தோன்றுகிறது.

டிராலியின் பிரேக்கை விடுவித்து பீரோவுக்கு நேரே நகர்த்தினாள். வேலையைச் செய்துதானே ஆகவேண்டும், இதைத்தானே அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலிதீனைக் கிழித்து முதல் டிராயரின் உள்ளே ஒட்டியிருந்த விவரத்தை வாசித்தாள், கண் அதுபாட்டுக்கு வாசித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மோட்டாரின் சக்தி சரி, தட்டின் உயரம் சரி, செம்புப் பட்டையின் அளவு சரி. இதே அளவில் வேறு கம்பெனி டிராயர்களும் உண்டு, தட்டில் கச்சிதமாக உட்காரும், கதவும் மூடும், ஆனால் பின்னால் கவ்வி முழுசாகக் கவ்வாது, சூடேறிச் சூடேறி ஒரு நாள் மூஞ்சியில் வெடிக்கும். இது அப்படியில்லை. அவள் எழுதிக் கொடுத்த அதே எண், அதே கவ்வி. அந்தக் கவ்விக்கு எலெக்ட்ரிக்கல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிங்கர். ஃபிங்கர் தேய்ந்துவிட்டது, ஃபிங்கர் ஒரு செட் வேண்டும் என்று அவளே எத்தனை தடவை கூசாமல் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தச் சொல் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. புது டிராயரின் முகத்தில் கம்பெனிக்காரனே பெயர் பொறித்து அனுப்பியிருக்கிறான், மேல் தட்டுக்கு ஏ, கீழ்த் தட்டுக்கு பி, கச்சிதமாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இது உள்ளே போய்விட்டால் வருகிற இன்ஸ்பெக்டர் என்ன பார்ப்பார். மேலே ஏ, கீழே பி, இதைக்கூட வாசிக்கத் தெரியாத ஒருவன் எலெக்ட்ரீஷியனா என்றுதான் பார்ப்பார். அவளே தன் கையால் மாட்டி, தன் கையால் துடைத்து, இசக்கியப்பன் குருடன் என்று சாட்சி சொல்வதற்கு ஒரு பீரோவை ஜோடித்து வைக்க வேண்டும். மாட்டாமல் விட்டாலோ, நாளைக்கு இன்னொருவன் வருவான், பெயரைப் பார்ப்பான், இழுப்பான். சரியான வேலையைச் செய்யச் சொல்லித்தான் அவளை இந்த ஈனத்தைச் செய்யச் சொல்கிறார்கள், அதிலும் கருணாகரனின் சாமர்த்தியத்தைப் பார், தப்பான வேலையைச் சொல்லியிருந்தால் முடியாது போய்யா என்று சாவியை எறிந்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் கடைசி வார்த்தை. டீக் கோப்பை காலியான பிறகு, அவள் எழுந்து கதவருகே போன பிறகு, ஏதோ ஞாபகம் வந்தாற்போல் அவர் சொன்னது. பழசைக் கிளறினா நேம் பிளேட் யாரோட பொறுப்புன்னு முதல் கேள்வி வரும் மேடம், செக்‌ஷன் இன்சார்ஜ் நீங்கதானே, உங்களுக்கு எதுக்குச் சங்கடம் என்று எவ்வளவு அக்கறை. லீவில் இருந்தேன் என்று சொல்லலாம். திரும்பி வந்து இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் யாராவது வருகிறார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள், அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் பத்தாவது, கணவர் ராத்திரியே சொல்லிவிட்டார், உனக்கு எதுக்கு இந்த வம்பு, அவனுக்குச் செய்ய வேண்டியதைக் கம்பெனி செய்யும் என்று, சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்து அடுத்த நிமிடம் குறட்டை. எப்படித்தான் தூங்குகிறார்களோ. சஸ்பெண்ட் என்ற சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். டிஸ்மிஸ் என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது சொன்னபோது அம்மாவின் கண் கட்டு ஞாபகம் வந்தது, கட்டைப் பிரித்த அன்று அம்மா முதலில் இவள் முகத்தைப் பார்த்து, ஏன்டி இப்படிக் கறுத்துப்போயிட்டே என்று கேட்டது. அந்த நாளில்தான், அநேகமாக அந்த நேரத்தில்தான், இங்கே டிராயரை உருவியிருப்பார்கள். அங்கே ஒரு கண்ணைத் திறந்துகொண்டிருந்தபோது இங்கே ஒரு கண்ணை அவித்திருக்கிறார்கள்.

மேல் தட்டு டிராயரின் கைப்பிடியில் கை வைத்தாள். அட்டையைத் தொங்கவிட்ட நூலின் துண்டு ஒன்று இன்னும் அதில் சிக்கிக்கொண்டிருந்தது, அறுத்தவன் அவசரத்தில் அறுத்திருக்கிறான். இழுக்கவில்லை. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, லாரிக்காக வந்த இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள், பழசை ஏத்திரலாமா மேடம் என்றார்கள். ஏத்த வேண்டாம், போய்ச் சாப்பிடுங்க என்றாள். மேனேஜர் சார் சொன்னாகளே என்று ஒருவர் இழுத்தார். நான் சொல்லுதேன், போங்க என்றாள், குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது, அவர்கள் போய்விட்டார்கள். போனதும், செய்துவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது என்று தோன்றியது, உடனே, ஏன் முடியாது, இன்னும் நேரம் இருக்கிறது, இரண்டு டிராயர்தானே, மளமளவென்று மாட்டிவிடலாம் என்றும் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே ஓங்கி அறையலாம்போல இருந்தது. டிராலியைப் பின்னுக்குத் தள்ளினாள். சக்கரம் கிறீச்சிட்டது. புது டிராயர்களைச் சுவரோரம் ஒதுக்கி, கிழித்த பாலிதீனை எடுத்து அவற்றின்மேல் போர்த்தினாள், ஏன் போர்த்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டாள். சொல்லிவிடலாம், வந்ததும் சொல்லிவிடலாம், சார் இந்தப் பெயர் மாறியிருக்கிறது என்று. சொன்னால் கருணாகரன் என்ன சொல்வார், அது இப்போது மேடம் மாற்றி வைத்தது என்று சொல்வார், காலையில் சாவி இவர்களிடம்தானே கொடுத்தேன் என்பார். சொல்வார், கண்ணை இமைக்காமல் சொல்வார். அதற்குத்தான் சாவியா. அந்த நினைப்பு வந்ததும் காது மடல் சூடாகிக் கொதித்தது, பயமெல்லாம் எங்கோ ஒதுங்கிக்கொண்டது, நல்லவேளையாகக் கோபம் மட்டும் மிஞ்சியது. அவள் சொல்லக் கூடாது. அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

சாப்பாட்டு நேரம் முடியும் முன்பே வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டார். பின்னால் கருணாகரன் சிரித்த முகத்தோடு நுழைந்து, பீரோவைப் பார்த்தார், பாலிதீன் போர்த்திய டிராலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. மேடம் இன்னும் முடிக்கலை போலிருக்கு, வாங்க சார் முதல்ல கண்ட்ரோல் ரூமைப் பாத்துட்டு வந்துரலாம் என்று இன்ஸ்பெக்டரின் முழங்கையைத் தொட்டார். சங்கரவடிவு சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

“சார், ஒரு சின்ன உதவி. பி பம்ப்ல நான் வேலை பாக்கணும். அதை நிறுத்தித் தாங்க.”

கருணாகரனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் அசையவில்லை. மேலே கை போனால் அந்த ஏழை செய்ததையே இவரும் செய்தார் என்றாகும், கீழே போனால் பெயர் மாறிக் கிடப்பது தெரிந்துதான் இருந்தது என்றாகும், இரண்டும் அவர் தலைக்குள் ஓடுவதை அவளால் எண்ணிச் சொல்ல முடியும்போல இருந்தது. கையைப் பாதிவரை தூக்கியவர் அதைக் கழுத்துப் பட்டையில் கொண்டுபோய் வைத்துச் சரிசெய்தார். எலெக்ட்ரிக்கல் ஆட்கள்தான் தொடணும் சார், நமக்கு எதுக்கு என்றார். இன்ஸ்பெக்டருக்கு வெயில், பசி, எரிச்சல், என்னங்க இது, இதுக்குப் போய் என்று முன்னால் வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு பெயரையும் வாசித்தார், மேல் தட்டு டிராயரின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நல்ல நீளமான விரல்கள், மோதிரவிரலில் ஒரு வெள்ளி வளையம், அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பி நின்னுருச்சும்மா. அடுத்து என்ன?” என்றார்.

“வாங்க சார், மோட்டார்கிட்டப் போவோம். ஃபேன் மூடி அன்னைக்குத் திறந்தது திறந்தபடிதான் கிடக்கு. இசக்கியப்பன் எப்படிக் கையை விட்டார்னு நீங்களே விட்டுப் பாருங்க.”

அவர் சரியென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். சங்கரவடிவு வழிவிட்டு நின்றாள். மோட்டார் வரை போனாலும் அவர் கையை உள்ளே விட அவள் விடப்போவதில்லை, ஆனால் அது அவளுக்குத்தான் தெரியும். கருணாகரனுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வாசல்படியைத் தாண்டக் காலை எடுத்து வைத்தார்.

“வேண்டாம் சார்” என்றார் கருணாகரன். “கையை விட்ராதீங்க. அதுல கரண்ட் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் நின்றார். திரும்பி, தான் இழுத்துப் போட்ட ‘பம்ப் பி’ டிராயரைப் பார்த்தார். கீழே இழுக்காமல் விட்ட ‘பம்ப் ஏ’ டிராயரைப் பார்த்தார்.

“எதுல?” என்று கேட்டார்.

கருணாகரனின் கை மறுபடி கழுத்துப் பட்டைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் வந்து இன்னொரு தடவை கேட்டார்.